சும்மா போய் வருவது

ஏற்காட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒண்டிக்கடை என்பது ஒரு ரவுண்டானா. கோடை விழா நாட்களில் வண்டிகள் நகராமல் நிற்கும் இடம். பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஒற்றைக் கடை என்றுதான் பொருள். எப்போதோ ஒரேயொரு கடை நின்ற இடமாக இருந்திருக்க வேண்டும். இன்று கடைகள் பெருகிவிட்டன. பெயரில் மட்டும் அந்த ஒண்டி தங்கிவிட்டது.

ஒண்டி என்ற சொல் ஆணிடம் போனால் ஒரு நிறம், பெண்ணிடம் போனால் வேறொரு நிறம். 'ஒண்டிக்கு ஒண்டி வா' என்றால் வீரம்; அதைச் சொல்பவன் எப்போதும் ஆண். 'அவனுக்கென்ன, ஒண்டிக்கட்டை, எங்க வேணா போவான்' என்று ஆணைப் பற்றிச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பொறாமை கலந்திருக்கும். அதே சொல்லைப் பெண்ணுக்குச் சொன்னால் குரல் தணிந்துவிடும்: 'பாவம், ஒண்டிக்கட்டை.' அவள் வீட்டுக்குள் இருக்கும்வரைதான் இந்தப் பாவமும். 'அவ ஒண்டியாப் போறா' என்ற கட்டம் வந்துவிட்டால் பரிதாபம் போய்ச் சந்தேகம் வந்துவிடும். எங்கே, எதுக்கு, யாரைப் பார்க்க?

இந்த மூன்று கேள்விகளில் நடுவில் இருப்பதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. எங்கே என்பது தகவல். யாரைப் பார்க்க என்பது வம்பு. எதுக்கு என்பதோ அறம் சார்ந்த கேள்வியாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது. ஒரு பெண் தன் பயணத்துக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவளா? காரணமே இல்லாத பயணம் ஒன்றை அவள் போகலாமா?

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். தங்கும் விடுதி ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. வயது 50ஐத் தாண்டிவிட்டது. கணவர் இல்லை. மகனோடும் மருமகளோடும் இருக்கிறார். மலையில் பிறந்து மலையிலேயே வாழ்க்கைப்பட்டவர். இதுவரை இரண்டு முறை ரயிலில் போயிருக்கிறார். ஒரு முறை பழனிக்கு, பேரனுக்கு முடியிறக்க. இன்னொரு முறை சென்னைக்கு, ஒரு சாவுக்கு. இரண்டும் இரவு வண்டி. இரண்டிலும் ஜன்னலோரம் கிடைக்கவில்லை. நான் கல்லூரிக்குச் சேலம் போய் வருகிறவள் என்பதால் ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"டீச்சர், சேலத்துலருந்து ஈரோடு வரைக்கும் ரயில்ல போயிட்டு அன்னிக்கே திரும்பிட முடியுமா?"

"முடியும்க்கா. தாராளமா."

"யாரையும் பாக்கறதுக்கு இல்ல, முன்னாடியே சொல்லிடறேன். வழியில காவேரி வருதாமே. சும்மா போயிட்டு வரலாம்னு. நீங்க கூட வரட்டுமான்னு கேட்டுடாதீங்க."

கேட்கவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து திட்டம் போட்டோம்.

சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவே சுமார் 60 கிலோமீட்டர். விரைவு வண்டியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். முன்பதிவில்லாப் பெட்டிக்கான சீட்டு ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைகூட ஆகாது. வீரபாண்டி ரோடு, மாவேலிப்பாளையம், சங்ககிரி, ஆனங்கூர் தாண்டினால் காவேரி என்றே பெயர் கொண்ட நிலையம். அதை அடுத்து ஆற்றுப் பாலம், பாலம் முடிந்தால் ஈரோடு. ஓர் ஆணுக்கு இதற்கு மேல் திட்டம் வேண்டியதில்லை. எந்த வண்டி முதலில் வருகிறதோ அதில் ஏறுவான்.

எங்கள் திட்டமோ ஒரு பக்கத்தை நிறைத்தது. சனி, ஞாயிறு விடுதியில் கூட்டம், எனவே வாரநாள். காலையில் பேரனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மதியச் சோறும் ஆக்கிவைத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கும் பேருந்தில் அவருக்கு வாந்தி வரும்; எனவே வெறும் வயிறு. பேருந்து நிலையத்திலிருந்து ஜங்ஷனுக்கு டவுன் பஸ். அது 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை. கழிப்பறை எங்கே இருக்கும் என்று தெரியாததால் தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது. கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். ஆனால் வெறுங்கழுத்தோடு போனால் தெருவில் ஒரு கேள்வி வரும், எனவே கவரிங். பணம் இரண்டு இடத்தில் பிரித்து. செல்போனில் முழு சார்ஜ். உதவிக்கு 139. பெண்கள் பெட்டி எந்தப் பக்கம் வரும் என்று பிளாட்பாரத்தில் யாரைக் கேட்பது. யாரைக் கேட்கக் கூடாது. மலைக்குத் திரும்பும் பேருந்தைத் தவறவிட்டால் யார் வீட்டில் தங்குவது. கடைசியாக, மகனிடம் என்ன சொல்வது.

எழுதிக் கொடுத்ததைக் கையில் வாங்கி மடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "பரீட்சைக்குப் போற மாதிரி இருக்கு டீச்சர்."

அந்தக் காகிதத்தை நினைத்துப் பார்க்கிறேன். அதில் காவேரி ஒரு வரி. மற்றவை எல்லாம் முன்கூட்டியே தயாரித்த வாக்குமூலம். ஏதாவது நடந்துவிட்டால் 'அவள் எல்லாவற்றையும் யோசித்துத்தான் போனாள்' என்று சொல்வதற்கான ஆவணம். பெண்ணின் பயணத் திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. போய்ச் சேர்வதற்கான வழி அதில் கொஞ்சம்தான் இருக்கும். பழி வராமல் இருப்பதற்கான ஏற்பாடு நிறைய இருக்கும்.

மகன் கெட்டவர் இல்லை. அம்மாவை அடக்கி வைக்கும் ஆளும் இல்லை. "எதுக்கும்மா? காவேரி பாக்கணும்னா ஆடிப்பெருக்குக்கு எல்லாரும் சேர்ந்து போலாம்" என்றார். பிறகு, "காலம் கெட்டுக் கிடக்கு" என்றார். இது எல்லா வீட்டிலும் சொல்வதுதான். ஆனால் இதே அம்மா சீசன் நேரத்தில் வேலை முடித்து இரவு ஒன்பதரைக்கு, பனி இறங்கிய சாலையில், தெருவிளக்கு இல்லாத இடங்களைத் தாண்டித் தனியாக நடந்து வீடு சேர்கிறார். அப்போது காலம் கெட்டுக் கிடப்பதாக யாரும் சொல்வதில்லை.

நம் வீடுகளை எல்லாம் இந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கலாம். போட்டித் தேர்வுக்காக அதிகாலை நாலு மணிப் பேருந்தில் மகளைத் தனியாக ஏற்றிவிடுகிறோம். இரவுப் பணிக்குச் செவிலியர் போகிறார். தன்பாத்திலிருந்து ஆலப்புழா வரும் விரைவு வண்டியில் வட மாநிலங்களின் இளம்பெண்கள் திருப்பூர் ஆலைகளை நம்பி நாள்கணக்கில் பயணம் செய்து வருகிறார்கள். விடியுமுன் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் தலையில் சுமையோடு கிராமத்திலிருந்து இறங்கி ஏற்காட்டுக்கு வருகிறார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் சந்திக்கும் ஆபத்து, பட்டப்பகலில் ஒரு மணி நேர ரயிலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் ஆபத்தைவிட அதிகம். ஆனாலும் அந்தப் பயணங்களுக்கு முன்னால் 'எதுக்கு' என்ற கேள்வி எழுவதில்லை. விடை கூலியாகவோ, மதிப்பெண்ணாகவோ, மாதச் சம்பளமாகவோ வீட்டுக்கு வந்து சேர்கிறது என்பதால்.

ஆபத்துதான் தடைக்குக் காரணம் என்றால் ஆபத்து கூடக்கூடத் தடையும் கூட வேண்டும். அப்படி இல்லை. பயன் குறையக் குறையத்தான் தடை கூடுகிறது. வேலைக்காகப் போகும் பெண்ணின் ஆபத்தை 'என்ன செய்வது' என்று ஏற்றுக்கொள்ளும் அதே வீடு, மகிழ்ச்சிக்காகப் போகும் பெண்ணின் ஆபத்தைப் பொறுத்துக்கொள்வதில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் இங்கே மறுக்கப்படுவது அவளுடைய மகிழ்ச்சிதான்.

ஏற்காட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது இன்னொரு முரண்பாடும் கண்ணில் படுகிறது. இந்த ஊரே மற்றவர்கள் சும்மா வந்து போவதற்காகப் பெருத்த ஊர். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். பிறகு சமவெளியின் வெயிலுக்குத் தப்பி வெள்ளைக்காரர்கள் பங்களா கட்டிக்கொண்டார்கள். இப்போது நாம் வருகிறோம். ஏரியில் படகு, லேடீஸ் சீட்டிலிருந்து இரவுச் சேலத்தின் விளக்குகள், பிறகு ஒரு பஜ்ஜி. எவரும் யாரிடமும் காரணம் சொல்வதில்லை. அந்தச் சும்மாவுக்காகப் படுக்கை விரிப்பதும், பாத்திரம் கழுவுவதும், மக்காச்சோளம் சுடுவதும் பெரும்பாலும் இந்த ஊர்ப் பெண்கள். முப்பது வருடமாக மற்றவர்களின் சும்மாவுக்கு விரிப்பு மாற்றிய ஒருத்தி தனக்கு ஒரு நாள் சும்மா வேண்டும் என்று கேட்டால், அதற்குக் காரணம் கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது?

சும்மா என்ற சொல்லையும் நாம் சமமாகப் பங்கிட்டுக் கொள்ளவில்லை. அருணகிரிநாதரும் தாயுமானவரும் சும்மா இருத்தலை ஆன்மிகத்தின் உச்ச நிலையாக வைத்தார்கள். ஆணின் வாயில் அது ஞானம். அந்தி முழுக்க ஒண்டிக்கடை டீக்கடையில் நிற்கும் ஆண்களைக் கேட்டாலும் 'சும்மாதான்' என்பார்கள், அது ஓய்வு. பெண்ணிடம் வரும்போது அது வசையாகிவிடுகிறது: 'வீட்ல சும்மாதான இருக்கா.' விடியலிலிருந்து நடுநிசிவரை வேலை செய்கிறவளுக்கு மட்டும் சும்மா என்ற பட்டம் வலிந்து கொடுக்கப்படுகிறது. அவள் உண்மையிலேயே சும்மா இருக்க விரும்பும்போது அது பறிக்கப்படுகிறது. மும்பையின் பொதுவெளியைப் பற்றி ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதி 2011இல் வெளிவந்த 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூல், காரணமின்றித் தெருவில் நிற்கும் உரிமையைப் பெண்களுக்காகக் கோரியது. ஆங்கிலத்தில் அவர்கள் தேடி எடுத்த சொல்லுக்கு நம்மிடம் சும்மா என்ற சொல் தயாராக இருக்கிறது. பெண்கள் கையில் அதைக் கொடுக்கத்தான் மனமில்லை.

தமிழ் படித்தவள் என்பதால் பழைய பெண்களிடமும் போய்ப் பார்க்கிறேன். தொல்காப்பியம் கடற்பயணம் பெண்ணோடு வழக்கமில்லை என்று அகத்திணையியலில் விதி வைத்தது. அகத்தில் பெண் ஊரைவிட்டுப் போவது பெரும்பாலும் உடன்போக்கில். அந்தச் சொல்லிலேயே துணை இருக்கிறது. துணையின்றி நடந்த பெண்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொருத்தியும் ஒரு விலை கொடுத்தே நடந்தாள். ஆதிமந்தி கணவனைத் தேடிக் காவிரிக் கரையோடு அலைந்தாள். கண்ணகி புகாரிலிருந்து மதுரைக்கு வந்தபோது கோவலனும் கவுந்தியடிகளும் உடனிருந்தார்கள். ஒண்டியாக அவள் மேற்கு நோக்கி நடந்ததோ எல்லாம் எரிந்து முடிந்த பிறகு. மணிமேகலை வஞ்சியில் சமயவாதிகளிடம் கேள்வி கேட்க ஆண் துறவியின் வடிவம் எடுக்க வேண்டியிருந்தது. காரைக்கால் அம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்ற பிறகுதான் கயிலைக்குப் புறப்பட்டார். மக்கள் வழங்கும் கதையில் ஔவை ஊர் ஊராகப் போவதற்கு இளமையைப் பிள்ளையாரிடம் திருப்பிக் கொடுத்துக் கிழவியாகிறாள்.

துயரம், துறவு, வேடம், பேய், முதுமை. நம் மரபு தனித்துப் போகும் பெண்ணுக்கு வழங்கிய அனுமதிச் சீட்டுகள் இவ்வளவுதான். ஆற்றைப் பார்க்கும் ஆசைக்காக மட்டும் புறப்பட்டு, பார்த்துவிட்டு, இளமையும் உடலும் பெயரும் குலையாமல் வீடு திரும்பிய ஒருத்தி இந்த வரிசையில் இல்லை. எங்கள் தெரு அக்காவும் மகனிடம் வாதாடும்போது இந்தப் பழைய சீட்டுகளில் ஒன்றைத்தான் எடுத்து நீட்டினார்: "கெழவிய யாருடா என்ன பண்ணப் போறாங்க?"

இது தமிழர்களுக்கு மட்டுமான கதையும் இல்லை. ஐரோப்பியச் சீமான் வீட்டு இளைஞர்கள் இத்தாலியைச் சுற்றி வருவதையே கல்வியின் முடிவாக வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அவர்கள் வீட்டுப் பெண்கள் போனால் காவலுக்கு ஒரு மூத்த பெண் உடன் வர வேண்டும். ஈ.எம். ஃபார்ஸ்டர் 1908இல் எழுதிய 'எ ரூம் வித் எ வியூ' நாவலில் லூசி என்ற இளம்பெண் ஃபிளாரன்ஸுக்கு வருவது அப்படி ஒரு துணையோடுதான். இன்று ஃபிளாரன்ஸிலிருந்து பொலோன்யாவுக்கு அதிவேக ரயிலில் சுமார் 40 நிமிடம். காவலுக்கு வந்த அந்த மூத்த பெண் காணாமல் போய்விட்டாள். ஆனால் அவள் கேட்ட கேள்விகள் போகவில்லை. இருட்டிய பிறகு நிலையத்தில் இறங்கலாமா, எந்தப் பக்கம் உட்காரலாம் என்று அங்கே தனியாகப் போகும் பெண்ணும் திட்டம் போடுகிறாள். துணை வெளியிலிருந்து உள்ளே குடியேறிவிட்டது.

சட்டமும் இந்த மனத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 139ஆவது பிரிவு. கட்டணம் செலுத்தாத பயணியை வண்டியிலிருந்து இறக்கிவிடலாம் என்று சொல்லும் அந்தப் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஆண் பயணியின் துணையில்லாத பெண்ணையோ குழந்தையையோ நினைத்த இடத்தில் இறக்கக் கூடாது. ஏறிய நிலையம், சந்திப்பு, கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர் ஆகிய இடங்களில், அதுவும் பகலில் மட்டுமே இறக்கலாம். நல்ல விதி. நடுக்காட்டில் இறக்கிவிடப்படாமல் எத்தனையோ பேரைக் காத்திருக்கும். இருந்தாலும் அதன் சொற்களைக் கவனிக்க வேண்டும். பெண்ணும் குழந்தையும் ஒரே தட்டில். தனிமைக்கு அளவுகோல், ஆண் இல்லாமை. பத்துப் பெண்கள் சேர்ந்து சுற்றுலா போனாலும் நம் ஊரில் 'லேடீஸ் மட்டும் தனியாவா போறீங்க?' என்றுதான் கேட்பார்கள். பத்து வயதுப் பையன் ஒருவன் கூட வந்தால் அது துணை. அக்காவின் மகனும் கடைசியில் அதைத்தான் முன்வைத்தார்: "பேரனையாவது கூட்டிட்டுப் போ."

எதிர்த்தரப்பு சொல்வதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2025 பிப்ரவரியில், கோயம்புத்தூரிலிருந்து திருப்பதி போகும் இன்டர்சிட்டி வண்டியில் கருவுற்றிருந்த ஒரு பெண் பயணம் செய்தார். இதே ஈரோடு–சேலம் தண்டவாளம்தான். பெண்கள் பெட்டியில் ஏறியிருந்தார். உடனிருந்த பெண்கள் ஜோலார்பேட்டையில் இறங்கிவிட, பெட்டிக்குள் ஒருவன் ஏறினான். எதிர்த்த பெண்ணை ஓடும் வண்டியிலிருந்து வேலூர் மாவட்டத்தில் தள்ளிவிட்டான். கருவிலிருந்த குழந்தை இறந்தது. அதே ஆண்டில் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதற்கு முன், 2011 பிப்ரவரியில், எர்ணாகுளம்–சொரணூர் பாசஞ்சரில் வேலை முடிந்து வீடு திரும்பிய 23 வயதுப் பெண்ணுக்கு நேர்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. அதுவும் பெண்கள் பெட்டி, அதுவும் காலியாகிப்போன பெட்டி.

இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு மகள்களை வீட்டில் நிறுத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கலாம். இந்தப் பெண்கள் எந்த விதியை மீறினார்கள்? இருவருக்கும் காரணம் இருந்தது. ஒருத்தி ஊருக்கு, ஒருத்தி வேலையிலிருந்து வீட்டுக்கு. இருவரும் தங்களுக்கென்று ஒதுக்கிய பெட்டியில்தான் இருந்தார்கள். ஒருத்தி பயணம் செய்தது பகல் வண்டியில். எங்கள் காகிதத்தில் இருந்த எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றியவர்கள் அவர்கள். காரணம் அவர்களைக் காப்பாற்றவில்லை. ஒதுக்கிய பெட்டியும், அது காலியானபோது, காப்பாற்றவில்லை. அங்கே இல்லாமல் போனது சக மனிதர்கள்: இன்னும் பத்துப் பெண்கள், ஒரு காவலர், சங்கிலியை இழுக்க ஒரு கை. தண்டவாளங்களிலும் நிலையங்களிலும் பெண்கள் குறையக் குறைய, எஞ்சியிருக்கும் ஒருத்தியின் பெட்டி இன்னும் காலியாகிறது. வேலைக்குப் போயே ஆக வேண்டியவள் அந்தக் காலிப் பெட்டியில் மாட்டிக்கொள்கிறாள். சும்மா போகிற பெண்கள் நிறைந்த ஒரு ரயிலில் அவளும் பத்திரமாக இருப்பாள். என் பக்கத்து வீட்டுப் பெண் காவேரி பார்க்கப் போவது, நான் முகம் அறியாத ஒரு தையல் தொழிலாளிக்கும் துணை.

இன்னொரு வாதமும் உண்டு. அதைச் சொல்கிறவர்கள் நம்மை நேசிக்கிறவர்கள். 'உனக்கு ஏதாவது ஆனா நாங்கதான சாகணும்? உன் உசுரு உனக்கு மட்டுமா சொந்தம்?' நியாயமான கேள்வி. ஒருவருடைய இறப்பு அவருக்கு மட்டும் நேர்வதில்லை. ஆனால் இந்த நியாயம் ஆண்களுக்கும் அதே எடையில் வைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு இந்த மலைப்பாதையின் வளைவுகளில் பைக்கைச் சாய்த்து ஓட்டி வரும் பையன்களுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். சிலர் திரும்பி வராமல் போயிருக்கிறார்கள். அவர்களைக் கிளம்பும்போது 'எதுக்கு' என்று யாரும் கேட்பதில்லை. 'பாத்துப் போடா' என்கிறோம். பாத்துப் போ என்பது அன்பு. எதுக்குப் போறே என்பது அதிகாரம். ஒரே அம்மாவின் வாயிலிருந்து மகனுக்கு முன்னதும் மகளுக்குப் பின்னதும் வருகின்றன.

ஆகவே சொல்லிவிட்டுப் போவதும் அனுமதி வாங்கிப் போவதும் ஒன்றில்லை. சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு நாம் போகும் இடத்தைச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு என்றே நினைக்கிறேன். அது ஆணுக்கும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கேட்கிறவர் பதிலுக்கு என்ன செய்கிறார் என்று பாருங்கள். எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்டுவிட்டு, அந்த நேரத்துக்கு அடிவாரத்தில் வந்து நிற்கிறார், அல்லது போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார் என்றால் அவர் கேட்டது தகவல்; அவரும் பயணத்தின் ஒரு பங்கைச் சுமக்கிறார். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், சோறு யார் ஆக்குவது என்கிறார் என்றால் அவர் கேட்டது கணக்கு. கணக்குக் கேட்பவரின் அக்கறையில் பயணிக்கு எந்தப் பாதுகாப்பும் கூடுவதில்லை.

அக்கா ஒரு புதன்கிழமை போனார். பேரனைக் கூட்டிப் போகவில்லை. நான் எழுதிக் கொடுத்த வண்டியைப் பேருந்து தாமதத்தால் விட்டுவிட்டு அடுத்ததில் ஏறியிருக்கிறார். பெண்கள் பெட்டியைத் தேடவும் இல்லை. எதிரே வந்து நின்ற பொதுப் பெட்டியில் ஏறிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் ஒருவன், ஆறு பார்க்க வேண்டும் என்று இவர் சொன்னதும், சங்ககிரியில் எழுந்து இடம் கொடுத்திருக்கிறான். ஈரோட்டில் நிலையத்தை விட்டு வெளியே வரவில்லை. பிளாட்பாரத்தில் ஒரு காப்பி குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினார். அப்படியென்றால் பாலத்தை இரண்டு முறை கடந்திருக்கிறார். இருட்டுவதற்குள் வீட்டில் இருந்தார்.

மறுநாள் ரவுண்டானாவில் பார்த்தேன். எப்படி இருந்தது என்று கேட்டேன். "தண்ணி கம்மிதான் டீச்சர். பாறையெல்லாம் தெரிஞ்சிது" என்றார். கொஞ்சம் நடந்த பிறகு, "வர்றப்ப எதுவும் நெனைக்கல. அதான் நல்லா இருந்துச்சு" என்றார். யாருக்கும் சோறு ஆச்சா, துணி காய்ந்ததா என்று நினைக்காமல் ஓர் ஒரு மணி நேரம். அருணகிரிநாதரின் சும்மாவுக்கு அது எவ்வளவு தூரம் என்று எனக்கு அளக்கத் தெரியாது.

இந்தப் பயணத்தால் அவருக்கு என்ன கிடைத்தது என்று தொகுத்துச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. தன்னம்பிக்கை வளர்ந்தது, மனம் விரிந்தது என்று எழுதினால் மறுபடியும் அது ஒரு பயனாகிவிடும். 'எதுக்கு' என்ற கேள்விக்கு நானே விடை எடுத்துக் கொடுத்ததாகிவிடும். பெண்களின் மகிழ்ச்சியை நாமும்கூட இப்படித்தான் நியாயப்படுத்தப் பழகியிருக்கிறோம். உடம்புக்கு நல்லது, வேலைக்கு நல்லது, பிள்ளை வளர்ப்புக்கு நல்லது என்று. ஒன்றுக்கும் உதவாத ஒரு பகல்பொழுது ஒரு மனிதருக்குச் சொந்தமாக இருக்கலாம் என்பதைத்தான் கோர வேண்டியிருக்கிறது. அந்தப் பகல் வீணாகவும் போகலாம். வண்டி தாமதமாகலாம், ஆற்றில் தண்ணீர் இல்லாமல் இருக்கலாம், திட்டம் சொதப்பலாம். 'அதுக்குத்தான் அப்பவே சொன்னேன்' என்று யாரும் சொல்லாத வீட்டுக்கு அவள் திரும்பி வர முடிய வேண்டும்.

போகிறவள் செய்ய வேண்டியதைப் பற்றி ஆயிரம் அறிவுரைகள் இருக்கின்றன. வீட்டில் இருக்கிறவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அடுத்த முறை அம்மாவோ அக்காவோ மகளோ 'நான் நாளைக்கு ஒரு இடம் போயிட்டு வரேன்' என்று சொன்னால், காரணத்தை அவளிடமே விட்டுவிட்டு, எத்தனை மணிக்கு வருவாய், ராத்திரிச் சோறு எடுத்து வைக்கட்டுமா என்று கேட்கலாம். கேட்டபடி எடுத்தும் வைக்கலாம்.